காட்டுவாத்துக் கறியும் கிருபாவின் பட்டப்பெயரும்

கிருபா போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது நான் என் சாப்பாட்டுக் கடையில் ஒரு பெரிய இடியப்ப ஓடரோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். கிருபாவின் மனைவி செல்வியின் தம்பிதான் அழைத்தான். காலையில் வேலைக்கு வெளிக்கிட்ட அத்தான் கார்க் கதவைத் திறந்தபடியே சரிந்துவிட்டார் என்றும், அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொன்னான். நான் 'சரி, சரி' என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு சொதிக்கு உப்புப் போட்டேன். சற்று நேரத்தில் மறுபடியும் போட்டேன். மூன்றாம் முறை உப்புப் போத்தலுக்குள் கையை விட்டபோது உதவிக்கு நிற்கிற அன்ரி என் கையைப் பிடித்து நிறுத்தினார். வெளியே வந்து கார்கள் நிற்கிற இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அன்றிலிருந்து இதே கதைதான். உட்கார்ந்தால் மனம் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. இதைக்கூட நின்றும் நடந்தும்தான் எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற இந்த நினைவு மலரில் எழுதும்படி செல்விதான் சொன்னாள். இப்படியான மலர்களில் எழுதுகிறவர்கள் 'பண்பாளர், பரோபகாரி' என்று தொடங்குவது வழக்கம். அதைக் கேட்டால் கிருபா எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவான். ஆகவே நான் அவனுடைய காட்டுவாத்துக் கறியைப் பற்றி எழுதுகிறேன். அதோடு, உங்களில் அநேகம் பேர் அவனைக் கூப்பிட்ட 'சன்னம்' என்ற பட்டப்பெயர் எப்படி வந்தது என்பதையும் எழுதவேண்டும். நீங்கள் கேள்விப்பட்ட கதை பிழை. பிழை என்று தெரிந்துகொண்டே ஆறு வருடம் நான் வாயைத் திறக்கவில்லை.

முதலில் வாத்து. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த புதிதில் நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில் ஓர் அப்பார்ட்மென்டில் ஆறு பேராக இருந்தோம். நானும் கிருபாவும் ஒரு ஹோட்டல் கிச்சினில் கோப்பை கழுவினோம். அங்கே இறைச்சி வெட்டுகிற பீட்டர் இலையுதிர் காலம் வந்தால் லிண்ட்சேப் பக்கத்தில் இருக்கும் தன் தமையனின் சோளக் காணிக்கு வாத்துச் சுடப் போவான். ஒருநாள் இரண்டு வாத்துகளைப் பையில் போட்டுக் கிருபாவிடம் கொடுத்தான். காட்டுப் பறவையைக் கொண்டுபோகும்போது எந்த இனம் என்று தெரிய, ஒரு செட்டையை இறகோடு உடம்பில் விட்டுவைக்க வேண்டும், அது இங்கே சட்டம். அந்தச் செட்டை பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நாங்கள் சப்வேயில் வந்தோம். எங்களுக்கு எதிரே இருந்த பெண் அடுத்த ஸ்டேசனிலேயே வேறு இருக்கைக்குப் போய்விட்டார். கிருபாவோ மடியில் பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி அந்தப் பையை அணைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் முதல் வாத்தைச் சமைத்தது நான். யாழ்ப்பாணத்தான் எவனும் செய்யக்கூடிய பிழையைத்தான் செய்தேன். கோழி மாதிரி எலும்போடு துண்டு துண்டாகக் கொத்தி, தூளை அள்ளிப் போட்டு, அடுப்பை முழுதாக எரியவிட்டேன். ஒரு மணித்தியாலத்தில் வேகவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் முன்னையதை விட மோசமாக இருந்தது. ஆறு பேரும் குழம்பைப் பாணுக்குத் தொட்டுத் தின்றுவிட்டு இறைச்சியைக் குப்பையில் போட்டோம். உந்தக் கோதாரியை இனி வீட்டுக்குள் கொண்டு வரக்கூடாது என்று நான் கத்தினேன். கிருபா ஒரு துண்டை வாயில் வைத்து வெகுநேரம் சப்பிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "மச்சான், பிழை வாத்திலை இல்லை. இது கூட்டுக்குள்ளை நிண்டு தீன் திண்ட கோழி இல்லை. அமெரிக்கா வரைக்கும் பறந்து போய் வாற சாமான். நீ அதோடை அவசரப்பட்டிட்டாய்."

இரண்டாவது வாத்தை அவன் சமைத்தான். மூன்று நாள் எடுத்தான். எனக்கு விசர் பிடித்தது. முதல்நாள் பறவையை ஃபிரிட்ஜில் அப்படியே விட்டான். இரண்டாம் நாள் தோலை உரித்து, நெஞ்சிறைச்சியை எலும்பிலிருந்து தனியாகக் கழற்றி, கால்களைத் தனியாக எடுத்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்தான். தண்ணீர் சிவக்கச் சிவக்க மாற்றினான். மூன்றாம் நாள் நெஞ்சிறைச்சியில் இருந்த வெள்ளைச் சவ்வைச் சீவி எடுத்துவிட்டு, நாருக்குக் குறுக்காக விரல் தடிப்பில்கூட இல்லாமல் மெல்லிசாக வெட்டினான். மிளகும் உள்ளியும் தேசிக்காய்ப் புளியும் பிரட்டி அரை மணித்தியாலம் வைத்து, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் போட்டு இரண்டு பக்கமும் ஒரு பிரட்டு, அவ்வளவுதான். பீட்டரின் ஆட்கள் அதை முழுசாகப் பொரித்து, உள்ளே சிவப்பாக இருக்கும்போது தின்பார்களாம். எங்கள் ஆட்கள் சிவப்பைக் கண்டால் தட்டைத் தள்ளிவிடுவார்கள். நன்றாக வேகவிட்டால் இறைச்சி ஈரல் மாதிரி மாவாகிவிடும். அதற்காகத்தான் மெல்லிசாக வெட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் வெந்துவிடும், காயவும் நேரமிராது. இதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் பயத்தையும் வாத்தின் குணத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து யோசித்துக் கண்டுபிடித்தான்.

கால்களுக்கு வேறு முறை. எண்ணெயில் சிவக்கப் பிரட்டி எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் வெங்காயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, இரம்பை இலை, பிறகு எங்கள் வறுத்த தூள். தேங்காயின் இரண்டாம் பாலை விட்டு, கொதி வந்ததும் அடுப்பை ஆகக் குறைத்து மூடிவிடுவான். நாலு மணித்தியாலம் மூடியைத் தொடவிட மாட்டான். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் திறந்து பார்ப்பேன், அவன் என் கையில் அகப்பையால் அடிப்பான். "நெஞ்சிறைச்சியைப் பாத்துக்கொண்டு நிண்டு சமைக்க வேணும். காலிறைச்சியை மறந்து போய் இருந்து சமைக்க வேணும்" என்பான். கடைசியில் முதற்பாலும் கொஞ்சம் பழப்புளியும் விட்டு இறக்கும்போது இறைச்சி எலும்பைவிட்டுத் தானாக வழுகும். கழுத்தும் நெஞ்செலும்பும் மிளகு, இஞ்சி போட்ட சூப்புக்கு. ஈரலும் இரைப்பையுமாக வெங்காயத்தோடு வதக்கியது அவன் சமைத்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். சோளம் தின்று கொழுத்த பறவை கிடைத்தால் மட்டும் தோலை உரிக்காமல் இறகு பிடுங்கி, அந்தக் கொழுப்பை உருக்கி உருளைக்கிழங்கு பொரிப்பான். அந்த உருளைக்கிழங்குக்காகவே அவன் வீட்டுக்கு வந்த ஆட்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும். கிருபா ஒருநாளும் சுட்டதில்லை. 'துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன் இங்கே வந்து துவக்குத் தூக்கிக்கொண்டு திரிகிறான்' என்று பகிடி பண்ணியவர்கள் உண்டு. அவன் அதைத் திருத்தவுமில்லை. பீட்டரோடு விடிய எழும்பிப் போவான். பீட்டரும் தமையனும் காணிக்குள் படுத்திருக்க, இவன் தூரத்தில் காருக்குள் இருந்து பிளாஸ்கில் தேத்தண்ணி குடிப்பான். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வானாம், அதைப் பீட்டர்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னான். சுட்டு முடிந்த பிறகு எல்லாவற்றையும் துப்புரவாக்குவது இவன் வேலை. அதற்குப் பதிலாகப் பாதிப் பறவைகளை அவனிடம் கொடுத்துவிடுவார்கள். ஸ்காபரோவில் பிளாசா வாசலிலேயே இவ்வளவு வாத்து நடக்கிறதே, எதற்கு அவ்வளவு தூரம் போகிறாய் என்று ஒருதரம் கேட்டேன். "உதுகள் எங்களை மாதிரி மச்சான், பாண் திண்டு கெட்டுப்போச்சுதுகள்" என்றான்.

துப்புரவாக்குவதில் அவனுக்குப் பெரிய வேலை சன்னம் தேடுவது. ஒரு வெடியில் மணி மணியாக நிறைய இரும்புச் சன்னங்கள் பறக்கும். பறவைக்குள் இரண்டோ மூன்றோ தங்கிவிடும். இறைச்சியில் கருத்த இரத்தக் கட்டு இருக்கிற இடத்தில் ஒரு துவாரம் இருக்கும். அந்தத் துவாரத்துக்குள் ஒரு சின்ன இறகு இழுபட்டுப் போயிருக்கும். இறகைப் பிடித்துப் போனால் சன்னம் அகப்படும். அது போதாதென்று ஒவ்வொரு துண்டையும் பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பான். பார்த்து முடித்த இறைச்சிப் பைகளில் மட்டும் தேதி எழுதுவான். தேதி இல்லாத பையை அவன் வீட்டில் யாரும் தொடக்கூடாது.

இனி அந்த நாள். ஆறு வருடத்துக்கு முன், ஒக்டோபரில், ஒரு சாமத்திய வீட்டுக்கு, பெண்பிள்ளை பெரியவளான விழாவுக்கு, மட்டன் ரோல்ஸ் ஓடர் எடுத்திருந்தேன். அதற்குள் கிருபா சனிக்கிழமைகளில் என் கடைக்கு உதவிக்கு வரத் தொடங்கியிருந்தான். அவன் வீட்டு ஃப்ரீசர் நிறைந்துவிட்டதால் அந்தமுறை வாத்துக் கால்களை என் கடை ஃப்ரீசரில் வைத்திருந்தான். சனிக்கிழமை காலையில், கிருபா வருவதற்கு முன்பே, ஆட்டிறைச்சி பாதிதான் வந்தது. பெரிய மண்டபம், பெரிய ஆட்கள். நான் ஃப்ரீசரைத் திறந்தேன். வாத்துக் கால்களை எடுத்து பிரஷர் குக்கரில் அவித்து, எலும்பைக் கழற்றி, மெஷினில் கொத்தி, ஆட்டிறைச்சியோடு கலந்தேன். தூளும் கிழங்கும் போட்டுப் பிரட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? கொத்தும்போது மெஷினுக்குள் ஒருதரம் 'டக்' என்று கேட்டது. எலும்புத் துண்டு என்று நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது, அப்படியே நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் 'அவன் பார்த்து வைத்த இறைச்சி என்று நம்பி எடுத்தேன்' என்று முதலில் எழுதியிருந்தேன். செல்வி வாசித்துவிட்டு அந்த வரியை வெட்டினாள். அவள் வெட்டியது சரி. பைகளில் தேதி இருக்கவில்லை. வைக்கும்போதே, "இன்னும் பாக்கேல்லை மச்சான், ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கிறன், அதுவரைக்கும் தொடாதை" என்று அவன் சொல்லியுமிருந்தான்.

திங்கட்கிழமை பரமண்ணை கடைக்கு வந்தார். பெண்பிள்ளையின் தாய்மாமன். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கையில் ரிஷூப் பேப்பருக்குள் சுற்றிய பாதி ரோல்ஸும், ஒரு இரும்புச் சன்னமும், அவருடைய பல்லின் ஒரு துண்டும் இருந்தன. இதென்ன என்று கேட்டார். காட்டில் சுட்ட இறைச்சியை விற்பது இங்கே குற்றம். கொடுக்கலாம், வீட்டில் சமைத்துத் தின்னலாம், விற்கக்கூடாது. கடை அன்றைக்கே பூட்டுப்படும் என்று பயந்தேன். கிருபா அன்று வேலைக்கு லீவு போட்டு, காணாமல் போன கால்களைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருந்தான். பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். என் முகத்தையும் பார்த்தான். பிறகு முன்னுக்கு வந்து சொன்னான்: "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. அது என்ரை பிழை. வீட்டுக்கு வைச்சிருந்த இறைச்சியை மாறிப் போட்டிட்டன். இவருக்கு ஒண்டும் தெரியாது."

பரமண்ணை நல்ல மனுசன். ஓர் இடத்திலும் முறைப்பாடு செய்யவில்லை. ஆனால் பகிடிக்காரர். அந்தக் கிழமையே கிருபாவுக்குச் 'சன்னம்' என்று பெயர் வைத்துவிட்டார். கலியாண வீடுகளில் அவனைக் கண்டால் ஆட்கள் பல்லைத் தட்டிக் காட்டினார்கள். அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் வாத்துக் கறியைக் கரண்டியால் ஒதுக்கினார்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் அவன் பீட்டரோடு போகவில்லை. அதற்கடுத்த வருடமும் போகவில்லை. நான் கேட்டபோது முழங்கால் நோகிறது என்றான். நானும் நம்பிய மாதிரி நடித்தேன். என் கடை நன்றாக ஓடியது.

செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகூட இரண்டு பேர் 'எங்கட சன்னம் போயிட்டுதே' என்று சொல்லி அழுதார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போனேன், உள்ளே வந்தேன், மறுபடி வெளியே போனேன்.

எட்டாம் நாள் செலவு என்கிற சடங்குக்கு, இறந்தவர் விரும்பித் தின்றதையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பது எங்கள் வழக்கம். மச்சமும் மாமிசமும் உண்டு. அவருக்கு வாத்துத்தான் வைக்கவேண்டும் என்று செல்வி சொன்னாள். பீட்டர் செய்தி கேட்டு, இரண்டு வாத்துகளைத் தானே கொண்டுவந்து அவள் வாசலில் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு போனான். சமைக்க என்னைத்தான் கூப்பிட்டாள். அவனோடு இத்தனை வருடம் அடுப்படியில் நின்றவன் நான் என்று நம்பினாள்.

அவளுடைய சமையலறையில் அவள் வெங்காயம் வெட்டினாள், நான் மேசையில் இருந்து கால்களைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். இரண்டு சன்னம் அகப்பட்டது. மூன்றாவது அகப்பட்டபோது என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செல்வி கத்தியை வைத்துவிட்டாள்.

"அவர் பீட்டரோடை போகாமல் விட்டது முழங்காலாலை இல்லை, அண்ணை. நான்தான் விடேல்லை. மானம் போகுது, ஆக்கள் சிரிக்கினம் எண்டு நான்தான் சண்டை பிடிச்சனான். மாதக்கணக்கா அவரோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. அந்த நேரத்திலைகூட அவர் எனக்குச் சொல்லேல்லையே. ஏன் அண்ணை?"

ஏன் என்று எனக்குத் தெரியும். பரமண்ணை போன பிறகு கடையின் பின்கதவடியில் நான் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தேன், யாருக்கும் சொல்லாதே, செல்விக்கும் சொல்லாதே, ஒரு வாயிலிருந்து போனால் ஊர் முழுக்கப் போய்விடும் என்று. அவன் தலையாட்டினான். அந்த ஒரு தலையாட்டலுக்காகத் தன் வீட்டுக்குள் ஆறு வருடம் குற்றவாளியாக இருந்திருக்கிறான். அதையும் செல்விக்குச் சொன்னேன். அவள் அழவில்லை. பருப்புக் கொதித்த அடுப்பைக் குறைத்து, சட்டியை மூடிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "எனக்கு மட்டும் சொல்லிப்போட்டு ஆறுதலடைஞ்சு போகாதேங்கோ. இண்டைக்கு எல்லாரும் வருவினம்."

வந்தார்கள். படைத்தோம். கறி அவனுடையது மாதிரி வரவில்லை. கால்கள் இன்னும் ஒரு மணித்தியாலம் கேட்டன, நான் பொறுக்கவில்லை. பரமண்ணை ஒரு துண்டை எடுத்து, "கவனமாச் சப்புங்கோ, இது சன்னத்தின்ரை வாத்து" என்றார். சிரித்தார்கள். செல்வி கையில் அகப்பையோடு என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன். தண்ணீர் எடுக்கப் போகிறவன் மாதிரிப் போய், தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து இருந்துவிட்டேன். வெட்கம் கெட்டவன் நான். வேறு சொல் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவள் அழைத்தாள். "வாயாலை ஏலாட்டி எழுதித் தாங்கோ. மலரிலை போடுவம். உங்கடை பேரோடை" என்றாள். அதுதான் இது. என் கடையைப் பற்றி இனி யார் எங்கே என்ன சொன்னாலும் சொல்லட்டும். பரமண்ணை, உங்கள் பல்லை உடைத்தது நான்.

சமையல் முறையை மேலே எழுதிவிட்டேன், வேண்டியவர்கள் செய்து பாருங்கள், காலிறைச்சிக்கு என்னை மாதிரி அவசரப்படாதீர்கள். அவனுடைய இரும்புச் சட்டி அவன் மகளிடம் இருக்கிறது. கிருபாவிடமிருந்து எனக்கென்று நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அவனுக்கு நீங்கள் வைத்த பெயரை. அது அவனிடம் ஆறு வருடம் இருந்தது போதும். நீங்கள் இந்த மலரைக் கையில் வாங்கும்போது நான் அதே மண்டபத்தில், சாப்பாட்டு மேசையடியில் சோறு போட்டுக்கொண்டு நிற்பேன். சன்னம் என்று கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன்.

ரவி
ஸ்காபரோ